சுவரில் விட்ட இடம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். அடிக்கும்வரை காத்திருந்து அணைக்கிறேன். குளியலறையில் பெயிண்ட் பிரஷ்கள் நிற்கும் வாளி இருக்கிறது. அதைத் தூக்கி வெளியே வைக்கிறேன். குளிக்கிறேன். தரையைத் துடைக்கிறேன். வாளியை மறுபடி உள்ளே, குழாய்க்குக் கீழே, அதே இடத்தில் வைக்கிறேன். பால் பொங்குமுன் அடுப்பை அணைத்து, காப்பி கலந்து, நின்றுகொண்டே குடிக்கிறேன். இரண்டு துண்டு ரொட்டி. சட்டை, பேண்ட். பெல்ட்டில் ஆணியால் நானே குத்திய ஓட்டையில் கொக்கியை மாட்டுகிறேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறேன். கடைக்கு நடக்கிறேன்.

வாளியைப் பால்கனியிலேயே வைத்துவிடலாம். இடம் இருக்கிறது. வைக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. கல்லூரியில் அதைத்தான் படித்தேன். இருட்டறையில் உட்கார்ந்து, ஆட்களின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இது தெளிவா?" என்று கேட்க வேண்டும். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. எதிரே இருப்பவருக்கு என் முகம் சரியாகத் தெரியாது.

என் மனைவி என்னைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில், தெருவில், அவள் அம்மா முன்னால், எங்கேயும். "கண்ணாடி, ஏணியைப் பிடி." "கண்ணாடி, இந்த நீலம் செத்துப்போன நீலமா இருக்கா, சொல்லு." செத்த நீலம் எது, உயிருள்ள நீலம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குத்துமதிப்பாக ஏதாவது சொல்வேன். அதற்கு நேர்மாறாகச் செய்வாள். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

அவள் சுவர்களில் ஓவியம் வரைபவள்.

எங்கள் கடைத்தெரு நீளமானதில்லை. ஒரு முனையில் ரயில் நிலையம், மறுமுனையில் நூலகம். நடுவில் ரவுண்டானா. ரவுண்டானாவில் பழைய சைக்கிள் உதிரிகளை ஒட்டவைத்துச் செய்த கொக்கு நிற்கிறது. செய்தவர் கொக்கு என்கிறார். தெரு ஒட்டகம் என்கிறது. "ஒட்டகத்துக்கிட்ட இறங்கிக்கிறேன்" என்றுதான் பேருந்தில் சொல்வார்கள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கலை நாள் நடத்துகிறார்கள். நூலகப் படிகளில் பாட்டுக் குழு. தார்ச்சாலையில் குழந்தைகளின் சாக்பீஸ் படங்கள். மண்பாண்டம் செய்பவர் ஒருவர் சக்கரத்தோடு வருவார், வந்தவர் போனவர் எல்லோரும் அதில் கை வைத்துக் கெடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்.

இந்த வருடக் கலை நாளுக்காகத்தான் அவள் சலவைக்கடையின் பக்கச் சுவரை எடுத்துக்கொண்டாள். சுவருக்கு முன்னால் பேருந்து நிறுத்தம். சுவரிலும் ஒரு பேருந்து வரிசை. ஆளுயரத்தில், தெருக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, பக்கவாட்டில், பேருந்து வரும் திசையைப் பார்த்து நிற்கிறார்கள். சாவி செய்பவர், பேப்பர் போடும் அக்கா, சலவைக்கடைக்காரர், நூலகர், ஒட்டகத்தைச் செய்தவர். நிஜமாகப் பேருந்துக்கு நிற்பவர்கள் அந்த வரிசையின் வாலில் போய் நின்றுகொள்கிறார்கள். பேருந்து ஓட்டுநர்களுக்கு முதல் வாரம் முழுக்கக் குழப்பம்.

அவள் வேலை செய்யும் முறை அவளுடையது மட்டும்தான். கிழக்கே பார்த்த சுவர் அது. காலை வெயில் தாழ்வாக வரும்போது ஆளைச் சுவருக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நிற்கவைப்பாள். நிழல் வெறும் சிமெண்டுப் பூச்சில் விழும். நிழலின் ஓரத்தைக் கோடாக இழுப்பாள். பிறகு கோட்டுக்குள் மட்டும் வெள்ளை அடித்து, அதன் மேல் வண்ணம். கோட்டுக்கு அவள் அம்மாவின் தையல் சாக்கைத்தான் பயன்படுத்துவாள், துணியில் குறி போடும் மெழுகுச் சாக்கு. வேறு எதுவும் கைக்கு வராது என்பாள். அம்மாவின் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துவந்துவிடுவாள்.

நிழலைப் பார்த்துச் சண்டை போட்டவர்கள் உண்டு. சாவிக்காரர் தன் மூக்கை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் என்ன செய்யட்டும், உங்க மூக்கு போன இடத்துக்குத்தான் சாக்கு போச்சு" என்றாள். சலவைக்கடைக்காரர் தன் சட்டையில் ஒரு மடிப்புக்கூட விழக்கூடாது என்று நிபந்தனை போட்டார். விழவில்லை. அவர் மட்டும் அந்த வரிசையில் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறார்.

சாவிக்காரருக்கும் பேப்பர் அக்காவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலி. வெறும் சிமெண்டு. அங்கே யார் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இல்லை. இன்னொருவன் நான். அங்கே நிற்க வேண்டியவனும் நான்தான். அன்று காலை என் நிழலைக் கோடாக இழுத்து முடித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் போய்ச் சலவைக்கடைப் படியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து சுவரைப் பார்ப்பது அவள் வழக்கம். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை.

அந்தச் சாக்குக்கோடு சாம்பல் சிமெண்டில் மங்கலான சாம்பல். இருக்கிறது என்று தெரிந்தால்தான் தெரியும். என் கடை ஜன்னலிலிருந்து சுவர் நேராகத் தெரியும். அந்த ஜன்னலின் திரையை மட்டும் இறக்கி வைத்திருக்கிறேன்.

கலை நாளுக்கு முந்தைய வாரம் வணிகர் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். மேசை நாற்காலி விற்பவர். தெருவில் அவருக்குப் பெயர் மைக். மைக் இல்லாமலே அப்படிப் பேசுவார். செய்தித்தாளில் சுற்றிய எதையோ குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பித்தளைத் தகடு. பளபளவென்று இருந்தது. அவள் பெயர். அதற்குக் கீழே, "அவர் கடைசியாகச் சொன்னது" என்று போட்டு, மேற்கோள் குறிக்குள்: இந்தச் சுவரில் நம் தெரு என்றும் வாழட்டும்.

"எப்படி?" என்றார் மைக். "படிக்கறப்ப எனக்கே கண்ணு கலங்குது."

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் அவர் என்னைக் கேட்டார், கடைசியாக என்ன பேசினார்கள் என்று. வரிசையாக ஆட்கள் நின்றார்கள். என் கை ஒவ்வொருவர் கைக்கும் போய்க்கொண்டிருந்தது. "சுவர்கிட்டதான் பேசிட்டிருந்தோம்" என்றேன். அவர் மேடையில் ஏறி, "சுவரைப் பற்றித்தான் பேசினார்" என்றார். அடுத்த வாரம் சங்கத்தின் செய்தித்தாளில் அது ஒரு வாக்கியமாகியிருந்தது. இப்போது பித்தளையாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் இஸ்திரி போட்டார்கள், அவ்வளவுதான்.

"எங்க மாட்டப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இடம் விட்டுட்டுப் போயிருக்காங்களே! சாவிக்காரருக்கும் பேப்பர் அக்காவுக்கும் நடுவுல. எவ்வளவு தீர்க்கதரிசனம் பாருங்க."

"சரி" என்றேன்.

அந்த மாதங்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்.

ஒன்றை இங்கே எழுத வேண்டும். அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வார்த்தை. அவளுடைய உடைகளை அவள் தங்கை கொண்டுபோனாள். வண்ண டப்பாக்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது. போட்டோக்கள் எல்லோருடைய போனிலும் இருக்கின்றன. அந்த வார்த்தை ஒன்றுதான் என்னிடம் மட்டும் இருந்தது. வெளியே விட்டால் அதுவும் தெருவுக்குப் போய்விடும் என்று பிடித்துவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை அத்தை கூப்பிட்டார். அத்தை என்றால் அவள் அம்மா. பேக்கரிக்கு மேலே மாடியில் வீடு, வீட்டின் முன்னறை தையல் கடை. கீழேயிருந்து ரொட்டி வாசனையும் மேலேயிருந்து மிஷின் சத்தமும் படிக்கட்டில் பாதி வழியில் சந்திக்கும்.

"வாங்க மாப்பிள்ளை. இப்படி வெளிச்சத்துல நில்லுங்க." கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவினார். "என்ன கோலம் இது? நீங்க பேண்ட்டைப் போட்டிருக்கீங்களா, பேண்ட் உங்களைப் போட்டிருக்கா?"

"பெல்ட் இருக்கு அத்தை."

"பெல்ட்டா அது? வீட்டுல இருந்த ஆணியையெல்லாம் அதுலதான் அடிச்சிருக்கீங்க போல. சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால இப்படியா வந்து நிப்பீங்க? மூட்டைக்குக் கயிறு கட்டின மாதிரி. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தரேன். முதல்ல அளவு."

நாடா இடுப்பைச் சுற்றியது. அனிச்சையாக மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"மாப்பிள்ளை," என்றார் அத்தை, ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டே, "அளவெடுக்கும்போது பொய் சொல்லாதீங்க. வயித்தை வெளிய விடுங்க."

இது அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். அந்த அறைக்கு வந்து நாடாவுக்கு நின்ற ஒவ்வொருவரும் கேட்டிருப்பார்கள். கல்யாணப் பெண்கள், பருத்த வங்கி மேலாளர், தபால்காரர். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கும் பெண் அவர் வாயைத் திறக்குமுன்னே முணுமுணுத்துச் சிரிப்பாள். எனக்கு அன்று காது அடைத்துக்கொண்டது. வயிற்றை வெளியே விட்டேன். விடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அத்தை நாடாவைப் பார்த்தார். நாடாவை மறுபடி சுற்றிப் பார்த்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் குண்டூசி மெத்தையில் குத்தினார்.

"மைக் வந்து தகட்டைக் காட்டிட்டுப் போனாரு" என்றார்.

"ம்."

"நல்லா இருக்கு. எழுத்து நல்லா வெட்டியிருக்கான்."

"ம்."

"நிஜமாவே அப்படித்தான் சொன்னாளா?"

காஜா எடுக்கும் பெண் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள். அவளுக்கு விவரம் தெரியும்.

"இல்ல, சும்மாக் கேக்கறேன்" என்றார் அத்தை. "அவளுக்கு வேலைன்னா வேலைதான். அது தெரியாதா எனக்கு? நான் அப்படித்தானே இருந்தேன், அவளும் அப்படித்தான். அவளைத் தொட்டில்ல போட்டுட்டுக் கால்ல தொட்டிலையும் மிதிச்சேன், மிஷினையும் மிதிச்சேன்." கத்தரிக்கோலை எடுத்து, திறந்து, மூடி, வைத்தார். "தெருவைப் பத்திச் சொல்லியிருக்கா. சுவரைப் பத்திச் சொல்லியிருக்கா. அம்மான்னு ஒரு வார்த்தை வரலை, இல்ல? வலியில கூட வரலையா?"

"வலி இல்லை அத்தை."

"சரி. வலி இல்லாம இருந்தா சரி. அது போதும்." பேண்ட்டின் இடுப்பில் ஓர் ஊசி குத்தினார். "கண்ணும் இப்பல்லாம் தெரியறதில்ல. ஊசிக்குள்ள நூல் போகாம அடம்பிடிக்குது. ஒரு நாள் கடைக்கு வரேன், பார்த்து நல்லதாப் போட்டுவிடுங்க."

பேண்ட்டைக் கழற்றிக் கொடுத்து, அத்தை நீட்டிய வேட்டியைக் கட்டிக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். மேலே மிஷின் ஓடவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். ஓடவே இல்லை. திரும்ப ஏறியிருக்கலாம். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை. தெருவின் இரு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டார்கள். கொக்குக்கு யாரோ கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதைச் செய்தவர் ஏணி போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டகத்துக்கு அலங்காரம் பண்ணா என்னய்யா தப்பு?" என்று கீழேயிருந்து குரல். நூலகப் படியில் பாட்டுக் குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிச் சரிசெய்துகொண்டிருந்தது. நான் கடையைத் திறக்கவில்லை. தகடு மாட்டும்போது குடும்பத்தார் இருக்க வேண்டும் என்று மைக் சொல்லியிருந்தார்.

சுவருக்கு முன்னால் அவர் இருந்தார். துளை போட ஓர் ஆள், கையில் டிரில் மிஷின். சலவைக்கடைக்காரர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் நீளமான ரப்பர் குழாயுடன். அத்தை முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். அவள் உட்கார்ந்த அதே படி. எனக்குத் தைத்த பேண்ட் அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான், அதைத்தான் போட்டிருந்தேன். பெல்ட் தேவைப்படவில்லை.

டிரில்காரர் காலி இடத்தின் நடுவில் பென்சிலால் நான்கு புள்ளி வைத்திருந்தார்.

"நிறுத்து, நிறுத்து" என்றார் சலவைக்கடைக்காரர். "இந்த அழுக்குச் சிமெண்டு மேல பித்தளையை மாட்டுவியா? அதுவும் என் கடைச் சுவர்ல? ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்?"

"அண்ணே, மாட்டினா மறைஞ்சிடும்" என்றார் டிரில்காரர்.

"கறையை மறைச்சுச் சட்டை போட்டா அது சலவையாய்யா?"

"சுவரையும் குளிப்பாட்டப்போறாரு" என்றார் சாவிக்காரர். நிஜ சாவிக்காரர், தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "என் மூக்குல தண்ணி படாமப் பாத்துக்கங்க. ஏற்கெனவே நீளம்."

குழாய் சீறியது. தண்ணீர் காலி இடத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. சிமெண்டு தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு கோடு மட்டும் கறுக்கவில்லை.

மெழுகு தண்ணீரைக் குடிக்காது. எனக்கு அது தோன்றியதே இல்லை. முதலில் நெற்றி வந்தது. பிறகு மூக்கு, மூக்கின் மேல் கண்ணாடியின் சின்ன மேடு, தாடை. கழுத்து. தொங்கும் கை. கறுத்த சுவரில் வெளுத்த கோடாக ஓர் ஆள் பேருந்து வரும் பக்கம் பார்த்து நின்றான். சலவைக்கடைக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டார். அது தரையில் பாம்புபோல் நெளிந்து எல்லோர் காலையும் நனைத்தது. யாரும் நகரவில்லை.

"கறைன்னு நினைச்சேன்" என்றார் அவர். "தினமும் பார்ப்பேன். கறைன்னு நினைச்சு ஒரு நாள் பிரஷ் வச்சுக்கூடத் தேய்ச்சேன். போகலை. ஐயோ, தேய்ச்சேனே."

அத்தை படியிலிருந்து எழுந்து வந்தார். கோட்டுக்கு மிகப் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கி, விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார்.

"என் சாக்கு" என்றார். "டப்பாவுல குறையுதே குறையுதேன்னு பார்த்தேன். திருட்டுக் கழுதை."

பிறகு ஓரடி பின்னால் வந்து, அளவெடுப்பவர் பார்க்கிற மாதிரி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் கண் நடுவில் நின்றது. டிரில்காரரின் நான்கு பென்சில் புள்ளிகளும் அங்கேதான் இருந்தன. அங்கே கோடு நன்றாக முன்னால் தள்ளி, உருண்டு, மறுபடி உள்ளே வந்தது.

"மாப்பிள்ளை," என்றார் மெதுவாக, "இது நீங்கதானே?"

"ஆமா அத்தை."

"தொப்பையும் தொந்தியுமா என்ன அழகா இருந்திருக்கீங்க."

சாவிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பேப்பர் அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். எனக்கும் ஏதோ வந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மைக் மட்டும் தகட்டை அணைத்துக்கொண்டு நின்றார். "அப்ப... இதை எங்க மாட்டறது?"

"இங்க வேணாம்" என்றேன்.

"வேற எங்க தம்பி? தேதி போட்டு வெட்டியாச்சு, மேயர் வராரு..."

"இங்க வேணாங்க. அப்புறம், அவ அப்படிச் சொல்லவும் இல்லை."

நான் அந்த அளவுக்குச் சத்தமாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. நூலகப் படியில் பாடியவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். அல்லது அவர்கள் வரி முடிந்திருக்கலாம்.

மைக் தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. "நீங்கதானே தம்பி அன்னிக்கு..."

"சுவர்கிட்ட பேசினோம்னுதான் சொன்னேன். உங்க தப்பு இல்லை. கடைக்கு வந்து காட்டினப்பவும் சரின்னு சொன்னவன் நான்தான்."

"நல்ல வாக்கியம்" என்றார் பரிதாபமாக. "ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன்."

"நல்ல வாக்கியம்தான்" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

சலவைக்கடைக்காரர் தகட்டை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். "பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? சட்டையைத் திருப்பிப்போட்டுத் தைக்கறதில்லையா? இதுல பேரை மட்டும் வெட்டச் சொல்லுங்க. என் கடை வாசல்ல மாட்டிக்கறேன். தினமும் துடைப்பேன்."

"அதுல சந்தேகமே இல்லை" என்றார் சாவிக்காரர். "மூணு மாசத்துல எழுத்தே தேய்ஞ்சிடும்."

வெட்டுகிறவர் கடை அடுத்த தெருவில். கிளம்பினார்கள். மைக் தகட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டார். வாக்கியம் உள்பக்கமாக இருக்கும்படி சுற்றினார். பேப்பர் அக்கா டிரில்காரரைக் கையைப் பிடித்து டீ குடிக்க இழுத்துப் போனாள். மேலும் யாரோ ஏதோ கேட்க வந்தார்கள், அவர்களையும் சேர்த்து இழுத்துப் போனாள்.

நானும் அத்தையும் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே, நெற்றிப் பக்கம், சிமெண்டு காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. கோடு அதில் கரைய ஆரம்பித்தது.

"நில்லுங்க" என்றார் அத்தை. தோளைப் பிடித்து என்னைப் பக்கவாட்டில் திருப்பினார். துணியை மேசையில் நேராகப் போடுவதுபோல் தள்ளித் தள்ளி நிறுத்தினார். என் நிழல் கோட்டுக்குள் விழுந்தது. பருவம் மாறியிருந்தது, வெயில் அன்றைய கோணத்தில் வரவில்லை. நிழல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. தலை ஏறக்குறையப் பொருந்தியது. வயிற்றில் கோட்டுக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கை புகும் அளவுக்கு இடைவெளி. அத்தை அந்த இடைவெளியில் தன் உள்ளங்கையை வைத்தார். ஈரச் சுவரில். வைத்தபடியே நின்றார்.

"இந்த இடத்துல நிறைய பிடிச்சிருக்கேன் மாப்பிள்ளை" என்றார். "உள்ள துணி விட்டுதான் வச்சிருக்கேன். எப்ப வேணா பிரிச்சுக்கலாம்."

"சரி அத்தை."

"சாப்பிடுங்க. ஒழுங்கா."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சொல்லாதீங்க."

சுவர் இன்னும் கொஞ்சம் காய்ந்தது.

"அப்ப அவ என்னதான் சொன்னா?" என்றார். என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக் கேட்டார். "வேண்டாம்னா வேண்டாம். உங்ககிட்ட சொன்னது. உங்களோடதுதான். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். கோபமா ஏதாவது..."

"இல்லை அத்தை. சிரிச்சுக்கிட்டேதான்."

சொன்னேன். அன்று காலை வெயில் இதே சுவரில் இருந்தது. அவள் முழங்கைவரை வெள்ளை வண்ணம். தலையில் என் பழைய சட்டையைக் கட்டியிருந்தாள். சாக்கைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தாள், நீங்கள் ஊசியை வாயில் வைத்துக்கொள்வதுபோல என்றேன். "அந்தக் கெட்ட பழக்கம் எங்கிட்ட இருந்துதான்" என்றார் அத்தை. என்னைக் கடைசிவரை வரிசையில் சேர்க்காமல் வைத்திருந்தாள். எல்லோரும் கேட்டுக்கேட்டு நின்றார்கள், நான் கேட்கவில்லை, அதனால் கடைசி. நெற்றியிலிருந்து தொடங்கினாள். மூக்கில் வந்து, கண்ணாடியைக் கழற்றாதே, கண்ணாடி இல்லாமல் கண்ணாடியா என்றாள். தாடையை இழுத்தாள். மார்பை இழுத்தாள். சாக்கு கீழே வந்துகொண்டிருந்தது. தெருவே இந்தச் சுவரைப் பார்க்கப்போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். சாக்கு நின்றது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். பிறகு, உங்கள் குரலில், உங்கள் முன்னறையில் நாடாவோடு நிற்பவள் மாதிரியே, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னாள். நான் மூச்சை விட்டேன். அவள் ஒரே இழுப்பில், கையெடுக்காமல், கால்வரை கோட்டை முடித்தாள். அதற்கப்புறம் பேசவில்லை. சைகைதான்.

அத்தையின் கை சுவரில் அப்படியே இருந்தது.

"என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன்.

"அளவெடுக்கும்போது பொய் சொல்லாத, கண்ணாடி. வயித்தை வெளிய விடு."